லீஸில் 81 வருஷம் மிச்சம்: புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. லண்டன் ஹாரோவில் இரண்டு அறை ஃபிளாட், 2008 மார்ச் 25 முதல் 99 வருஷ லீஸ். இப்போது 81 வருஷமும் சில மாதங்களும் மிச்சம். கிரவுண்ட் ரெண்ட், அதாவது நிலத்துக்கான வாடகை, வருஷத்துக்கு 100 பவுண்ட். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் கடிதம் போட்டிருக்கிறார்: 9,500 பவுண்ட் தந்தால் லீஸைத் திரும்ப 99 வருஷமாக்கித் தருவோம், கிரவுண்ட் ரெண்ட் 250 ஆகும், 28 நாளுக்குள் பதில் வேண்டும் என்று. வேலையிடத்தில் ஒருவரோ, "புதுச் சட்டம் வருது, 990 வருஷம் கிடைக்கும், பேசாமல் பொறு" என்கிறாராம். கடிதத்துக்குச் சம்மதிப்பதா, பொறுப்பதா?

இரண்டும் வேண்டாம். நீங்களே சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து லீஸை நீட்டுங்கள். 2027 மார்ச் 24-க்கு முன் அந்த நோட்டீஸ் ஃப்ரீஹோல்டர் கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் லீஸ் 80 வருஷமாகக் குறைகிறது, குறைந்தால் செலவு ஏறும். நானாக இருந்தால் 2026 கோடையைத் தாண்ட விடமாட்டேன். லண்டனில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் வீடு வாங்கல் விற்றல் வேலைதான் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

நம் ஊரில் வீடு வாங்கினால் காணியையும் சேர்த்துத்தான் உறுதி எழுதுவோம். நிலம் நம்முடையது, பிள்ளைகளுக்கும் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் பெரும்பாலும் அப்படி இல்லை. கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். நீங்கள் வாங்கியது இத்தனை வருஷத்துக்கு அங்கே இருக்கலாம் என்ற உரிமையை. மூன்று லட்சம் கொடுத்தாலும் அது நாள் எண்ணி வைத்த உரிமைதான். ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷம் கழிகிறது. கழிந்த வருஷங்களின் மதிப்பு சத்தமில்லாமல் ஃப்ரீஹோல்டர் பக்கம் போய்ச் சேர்கிறது. வாங்கும்போது இதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. மோர்ட்கேஜ் கிடைத்ததா, சாவி எப்போது என்பதிலேயே கவனம் போய்விடுகிறது.

லீஸை நீட்டும் உரிமையைத் தருவது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். தொடக்கத்தில் 21 வருஷத்துக்கு மேல் எழுதப்பட்ட லீஸ் என்றால் இந்த உரிமை உண்டு. ஃப்ரீஹோல்டருக்கு இஷ்டமா இல்லையா என்ற கேள்வியே இல்லை. விலையைப் பற்றி வாதாடலாம், ஒரு சில விதிவிலக்குகள் தவிர மாட்டேன் என்று சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிற வருஷத்தோடு 90 வருஷம் கூடும். கிரவுண்ட் ரெண்ட் அன்றோடு ஒழியும். சட்டத்தின் வார்த்தையில் அது 'பெப்பர்கார்ன்' வாடகை, அதாவது ஒரு மிளகு. நம் கரையிலிருந்து கப்பல் ஏறிப்போன மிளகு அங்கே ஒரு காலத்தில் காசுக்குச் சமமாக இருந்தது. இன்று சட்டப் பத்திரத்தில் 'ஒரு மிளகு வாடகை' என்றால் ஒன்றுமே தர வேண்டியதில்லை என்று பொருள்.

இனி அந்த 80 வருஷக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லீஸை நீட்ட நீங்கள் கொடுக்கும் தொகைக்குப் பிரீமியம் என்று பெயர். அதில் மூன்று பங்கு உண்டு. முதலாவது, இனி வராத கிரவுண்ட் ரெண்டுக்கு ஈடு. இரண்டாவது, லீஸ் முடிந்ததும் ஃபிளாட் தன் கைக்குத் திரும்பும் என்று ஃப்ரீஹோல்டர் வைத்திருந்த உரிமை இன்னும் 90 வருஷம் தள்ளிப்போவதற்கு ஈடு. 80 வருஷம் கழித்து வரும் மூன்று லட்சத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று வட்டிக் கணக்குப் போடுவார்கள். ஃபிளாட்டுக்கு அந்த வீதம் வழக்கமாக 5 சதவீதம். ஸ்போர்ட்டெல்லி என்ற வழக்கில் 2006-இல் தீர்ப்பாயம் நிர்ணயித்தது, அடுத்த வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. மூன்றாவதுதான் ஆளைச் சாய்ப்பது: 'மேரேஜ் வேல்யூ'. லீஸ் நீண்டதும் உங்கள் ஃபிளாட்டின் விலை கூடுகிறது அல்லவா, அந்தக் கூடுதல் லாபத்தில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. 80 வருஷத்துக்கு மேல் மிச்சமிருந்தால் இந்த மூன்றாவது பங்கு கிடையாது. 80-ஐத் தொட்டாலே வந்துவிடும்.

உங்கள் ஃபிளாட்டையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸோடு அதன் விலை 3,00,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். இனி வராத கிரவுண்ட் ரெண்டின் இன்றைய மதிப்பைக் கணிக்க 7 சதவீத வீதம் எடுக்கிறேன். 81 வருஷம் மிச்சம் என்றால் பிரீமியம் ஏறத்தாழ 7,100 பவுண்ட் வருகிறது. அதே ஃபிளாட் 79 வருஷத்தில் என்ன ஆகும்? முதல் இரண்டு பங்கும் சேர்ந்து 7,700 தான், பெரிதாக ஏறவில்லை. ஆனால் குறுகிய லீஸோடு ஃபிளாட்டின் விலை முழு விலையில் 93 சதவீதம் என்று எடுத்தால் மேரேஜ் வேல்யூவின் பாதி மட்டும் இன்னொரு 6,600-ஐத் தாண்டும். மொத்தம் 14,300-க்கு மேல். இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. இன்னும் விட்டு 72 வருஷத்துக்கு வந்து, விலை 90 சதவீதம் என்று எடுத்தால் 20,000-ஐத் தொடுகிறது. 93, 90 என்பவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையில் அந்தச் சதவீதத்தைப் பற்றித்தான் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் அதிகம் சண்டை போடுவார்கள். உங்கள் ஃபிளாட்டுக்குச் சரியான தொகையை ஒரு சர்வேயர், அதாவது சொத்து மதிப்பீட்டாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் 80-இல் ஒரு படி இருக்கிறது, அது உயரமான படி என்பதில் சந்தேகமே இல்லை.

2005 முதல் 2010 வரை கட்டி 99 வருஷ லீஸில் விற்ற ஃபிளாட்டுகள் எல்லாம் இந்த வருஷங்களில்தான் அந்தப் படிக்கு வருகின்றன. ஹாரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட், குரோய்டன் பக்கம் நம்மவர்கள் முதல் வீடாக வாங்கியதில் இப்படிப்பட்டவை நிறைய. தயவுசெய்து உங்கள் லீஸ் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள், பத்திரத்தில் லீஸ் தொடங்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். 2015-இல் வாங்கியவர் தன் லீஸ் 2015-இல் தொடங்கியது என்று நினைத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பத்திரம் கையில் இல்லையென்றால் நிலப் பதிவகமான ஹெச்எம் லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையத்தளத்தில் 7 பவுண்ட் கட்டி உங்கள் பதிவின் நகலை எடுக்கலாம். தொடக்கத் தேதி அதில் இருக்கும்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். 9,500 பவுண்டுக்கு 99 வருஷம் என்றால், ஏற்கெனவே 81 உங்களுடையதுதான். அவர் தருவது 18 வருஷம். சட்ட வழியில் 90 வருஷம் கூடி 171 ஆகும், அதுவும் அதைவிடக் குறைந்த பிரீமியத்தில். அவர் சொல்கிறபடி 99 வாங்கினால் பத்தொன்பது வருஷத்தில் திரும்பவும் இதே 80-இல் வந்து நிற்பீர்கள், அன்றைய விலையில் இன்னொரு தரம் காசு கட்டுவீர்கள். 9,500 என்பது பிரீமியம் மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். வழக்கமாக அவருடைய வக்கீல் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கிரவுண்ட் ரெண்டை 250 ஆக்குவது அதைவிட மோசம், அது அனுமதிக்கப்பட்டதே இல்லை. 2022 ஜூன் 30-க்குப் பிறகு இப்படிப் பேசி நீட்டும் லீஸில், பழைய லீஸின் மிச்சக் காலம் வரை பழைய வாடகையை அதே அளவில் வாங்கலாம். கூட்டிக் கொடுக்கும் காலத்துக்கு ஒரு மிளகுதான். மீறினால் ஃப்ரீஹோல்டருக்கு 500 முதல் 30,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. இது தெரிந்தே எழுதினார்களா, பழைய கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பினார்களா, தெரியாது. எதுவானாலும் 28 நாள் என்ற கெடு அவர் வைத்தது. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. அதற்காகப் பதற வேண்டாம்.

பேசி முடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல ஃப்ரீஹோல்டர்கள் இருக்கிறார்கள். 90 வருஷமும் மிளகு வாடகையும் தந்து, செலவும் குறைத்து, மூன்று மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. ஆனால் வெறும் பேச்சுக்குக் கடிகாரத்தை நிறுத்தும் சக்தி இல்லை. என் அக்காவின் ஃபிளாட் ஈஸ்ட் ஹாமில். 80 வருஷமும் ஐந்து வாரமும் மிச்சமிருந்தபோது ஃப்ரீஹோல்டர் தரப்பிலிருந்து மிக மரியாதையாக மின்னஞ்சல் வந்தது: நோட்டீஸ் எல்லாம் எதற்கு, பேசியே தீர்த்துக்கொள்வோம் என்று. ஒரு வாரம் மதிப்பீட்டாளர் விடுமுறை, இன்னொரு வாரம் கோப்பு வேறு ஒருவரிடம். ஆறாவது வாரம் புது விலை வந்தது, மேரேஜ் வேல்யூவோடு. ஆறாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தாள். அந்தக் காசு அவள் இரவு வேலை பார்த்துச் சேர்த்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறேன்: முதலில் நோட்டீஸ், அப்புறம் பேச்சு. நோட்டீஸ் கொடுத்த நாள்தான் கணக்கு நாள். அதற்குப் பிறகு பேச்சு ஒரு வருஷம் இழுத்தாலும் உங்கள் லீஸ் அன்றைக்கு இருந்த வருஷத்திலேயே நின்று விலை போடப்படும்.

அந்த நோட்டீஸை 'செக்ஷன் 42 நோட்டீஸ்' என்பார்கள். அதை நீங்களே எழுதிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் எழுதாதீர்கள். சின்னத் தவறும் அதைச் செல்லாததாக்கும். பதிவில் கணவன் மனைவி இருவர் பெயர் இருந்தால் இருவர் பெயரிலும் போக வேண்டும். உரிய ஃப்ரீஹோல்டருக்குப் போக வேண்டும். வருஷா வருஷம் சர்வீஸ் சார்ஜ் பில் அனுப்பும் மேனேஜிங் ஏஜென்ட் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர் அல்ல. உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் நடுவில் இன்னொரு லீஸ்காரர் இருப்பதும் உண்டு, அவருக்கும் நகல் போக வேண்டும். நீங்கள் தர முன்வரும் தொகையை அதில் எழுத வேண்டும். குறைத்துத் தொடங்கலாம், ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைத்து எழுதினால் நோட்டீஸே செல்லாது என்று 1998-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதனால்தான் முதலில் சர்வேயரிடம் போய், இது குறைந்தபட்சம், இது அதிகபட்சம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலை மட்டுமே பார்க்கும் சர்வேயர்களும் சொலிசிட்டர்களும் இருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் வீடு வாங்கிக் கொடுத்த தெரிந்த லோயர் என்பதற்காக அவரிடம் போகாதீர்கள். இந்தச் சட்டத்தில் கெடு தவறினால் யாரும் மன்னிப்பதில்லை.

நோட்டீஸ் போனதும் ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம். அவர் டெபாசிட் கேட்கலாம்: நீங்கள் எழுதிய தொகையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது 250 பவுண்ட், எது கூடுதலோ அது. அவருடைய ஆள் ஃபிளாட்டைப் பார்க்க வருவார். பிறகு எதிர் நோட்டீஸ் வரும், அதில் அவர் கேட்கும் தொகை இருக்கும். பார்த்ததும் நெஞ்சு பதறும். அது பேரம் தொடங்கும் எண் தான். குறித்த நாளுக்குள் அவர் எதிர் நோட்டீஸ் தராவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் கவுன்டி கோர்ட்டுக்குப் போய், நீங்கள் எழுதிய தொகைக்கே லீஸ் கேட்கலாம். ஃப்ரீஹோல்டர்களும் கெடு தவறுவதுண்டு.

எதிர் நோட்டீஸ் வந்த பிறகு இரண்டு சர்வேயர்களும் பேசுவார்கள். பெரும்பாலானவை இங்கேயே முடியும். முடியாவிட்டால் இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட் டியர் தீர்ப்பாயம், வேல்ஸில் லீஸ்ஹோல்ட் வேல்யுவேஷன் தீர்ப்பாயம். எதிர் நோட்டீஸ் தந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்துத்தான் போக முடியும், ஆறு மாதம் முடிவதற்குள் போயாக வேண்டும். அந்த ஆறாவது மாதத்தைத் தவறவிட்டால் உங்கள் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகிவிடும், அடுத்த 12 மாதத்துக்குப் புது நோட்டீஸ் கொடுக்க முடியாது. உங்களைப் போல் 80-இன் விளிம்பில் இருப்பவருக்கு அது 79-இல் கொண்டுபோய் விடும். சொலிசிட்டர் குறித்து வைத்திருப்பார் என்று விடாமல் நீங்களும் உங்கள் ஃபோனில் அந்த நாளைப் போட்டு வையுங்கள்.

செலவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர் இருவருக்கும் கொடுப்பதோடு, இன்றைய நிலையில் ஃப்ரீஹோல்டரின் நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவையும் நீங்கள்தான் தர வேண்டும். தீர்ப்பாயத்தில் வாதாடும் அவரது செலவு உங்களைச் சேராது. பிரீமியத்துக்கு மேல் 4,000 முதல் 5,000 பவுண்ட் வரை ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. மோர்ட்கேஜ் இருந்தால் கவலை வேண்டாம், சட்ட வழியில் அது தானாகப் புது லீஸின் மேல் ஏறிக்கொள்ளும். பேசி நீட்டும் வழியில்தான் வங்கியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

சரி, அந்த 990 வருஷம்? உங்கள் வேலையிட நண்பர் சொன்னது பொய்யில்லை. 2024 மே 24-இல் அரசரின் ஒப்புதல் பெற்ற சட்டத்தில் 990 வருஷம் இருக்கிறது, மேரேஜ் வேல்யூவை ஒழிப்பதும் இருக்கிறது, ஃப்ரீஹோல்டரின் செலவைப் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆனால் சட்டம் இயற்றுவது வேறு, அமலுக்கு வருவது வேறு. லீஸ் நீட்டும் விஷயத்தில் அமலுக்கு வந்த பெரிய மாற்றம் ஒன்றுதான்: இரண்டு வருஷம் சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டலாம் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் போனது. வாங்கிய ஃபிளாட் உங்கள் பெயரில் பதிவானதுமே இப்போது நோட்டீஸ் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு அரசு வட்டி வீதங்களை நிர்ணயித்து விதிகள் போட வேண்டும். பெரிய ஃப்ரீஹோல்டர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; 2025 அக்டோபர் 24-இல் தோற்றார்கள். நல்ல செய்திதான், ஆனால் எந்த நாள் அமலுக்கு வரும் என்று அறிவிப்பு இல்லை.

உங்களுக்கு அதில் என்ன லாபம் என்று பாருங்கள். 80-க்கு மேல் இருக்கும்வரை மேரேஜ் வேல்யூ உங்களுக்கு இப்போதே கிடையாது. இல்லாத ஒன்றை ஒழிப்பதால் என்ன மிச்சம்? செலவில் ஓரிரண்டாயிரம் மிச்சமாகலாம். 990-க்கும் 171-க்கும் உங்கள் ஆயுளிலோ பிள்ளைகள் ஆயுளிலோ வித்தியாசம் இல்லை. மறுபக்கம், சட்டம் 2027 மார்ச்சுக்கு முன் வராவிட்டால் அன்று ஏழாயிரம் ஏறும். விற்க வேண்டிய அவசரம் வந்தால் வாங்க வருபவரின் சொலிசிட்டர் முதலில் பார்ப்பது லீஸின் வருஷத்தைத்தான். இந்தச் சூதில் நீங்கள் வைக்கும் காசு பெரிது, கிடைப்பது சிறிது.

எல்லோருக்கும் இதே பதில் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே 80-க்குக் கீழே போனவர், உதாரணமாக 70-இல் இருந்து, அடுத்த சில வருஷத்தில் விற்கும் எண்ணமோ மோர்ட்கேஜ் மாற்றும் தேவையோ இல்லாதவர், காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. மேரேஜ் வேல்யூ ஒழிந்தால் அவருக்குத்தான் உண்மையான லாபம். ஆனால் அவரும் 60-ஐ நோக்கிச் சரிந்தால் மோர்ட்கேஜ் கிடைப்பதே கடினமாகும், கையில் பணத்தோடு வருபவர்தான் வாங்குவார், அவர் விலையை அடித்துக் கேட்பார். 95, 100 வருஷம் இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம், தேதியை மட்டும் நினைவில் வைக்கட்டும். கட்டடத்தில் பாதிப் பேராவது சேர்ந்தால் ஃப்ரீஹோல்டையே வாங்கும் வழியும் உண்டு. அயலவர்கள் ஒத்துழைப்பார்கள் என்றால் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காக 80-ஐத் தாண்ட விடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பதிவின் நகலை எடுத்து, அதில் உள்ள பெயர்களும் தொடக்கத் தேதியும் சரியா என்று பாருங்கள். அரசின் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது, அவர்கள் தளத்தில் பிரீமியத்தைத் தோராயமாகக் கணிக்கும் வசதியும் உண்டு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு சர்வேயர்களிடம் கட்டணம் கேளுங்கள். ஃப்ரீஹோல்டரின் கடிதத்துக்கு இப்போது பதிலே போட வேண்டாம். செக்ஷன் 42 நோட்டீஸ்தான் அவருக்கு உங்களிடமிருந்து போகும் முதல் பதிலாக இருக்கட்டும்.